சரியா, தவறா?

"வட்டி ஏறினால் பழைய கடன் பத்திரத்தோட விலை இறங்கும். சரியா, தவறா?"

விஜயபாண்டி கையிலிருந்த தோசையை வாயில் வைக்காமல் யோசித்தான். "சரி."

"தவறு. நேத்தும் இதையேதான் தப்பாச் சொன்னீக," என்றாள் அவன் மனைவி ரேணுகா. "மனசுல ஏத்துங்க. இது வருசம் தவறாம வர்ற கேள்வி."

"தவறு, தவறு" என்று முணுமுணுத்துக்கொண்டே தோசையை விழுங்கினான் விஜயபாண்டி.

போடியில் ஒரு நிதி நிறுவனத்தின் கிளையில் அவன் கிளார்க். முதலீட்டுத் திட்டமிடல் தேர்வுக்கு அவன் பெயரை எழுதிக் கொடுத்தது மேனேஜர் முனீஸ்வரன். தேறினால் ஆலோசகர் பதவி. ஆனால் சென்னைக்குக் குடிபோக வேண்டும். தேறாவிட்டால் போடியிலேயே, அதே நாற்காலி. தேர்வுக்கு ஒரே ஒரு வாய்ப்புதான்.

கேள்விகள் எல்லாம் சரியா, தவறா என்ற வகை. பாதி சரியாக இருந்தால் பாஸ். பழைய வினாத்தாள்களில் வந்த கேள்விகளே திரும்பத் திரும்ப வரும் என்று சொல்லி, முனீஸ்வரன் ஒரு கட்டுத் தாள்களையே கொடுத்தனுப்பியிருந்தார். தேர்வைத் தமிழில் எழுதலாம் என்றாலும் பழைய தாள்கள் இங்கிலீஷில்தான் கிடைத்தன. ரேணுகா இங்கிலீஷ் மீடியத்தில் பி.காம். படித்தவள். தாள்கட்டைக் கண்டதும் வாங்கி வைத்துக்கொண்டாள். தானே தமிழில் சொல்லிக் கொடுப்பதாகவும், அவன் அதைப் புரட்டிக் குழம்ப வேண்டாம் என்றும் சொல்லிவிட்டாள்.

சேதி தெருவுக்குத் தெரிய வெகுநேரம் ஆகவில்லை. பக்கத்து வீட்டு மொக்கம்மாள், சென்னையிலிருந்து முதல் தடவை வரும்போது தனக்கு ஒரு பாட்டில் கடல் தண்ணீர் கொண்டுவர வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்தாள். ரேணுகா சிரித்துக்கொண்டே சரி என்றாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே விஜயபாண்டி அங்கிருந்து நழுவிவிடுவான்.

ஏனென்றால் அவனுக்குச் சென்னைக்குப் போக இஷ்டமே இல்லை. போடிமெட்டுக்கு அப்பால் மலைச்சரிவில் துண்டு நிலம் வாங்கி, போன வருடம்தான் ஏலச்செடி நட்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் ஏறி, வளைவு வளைவாக மேலே போய், அந்தச் செடிகளுக்கு நடுவே குளிரில் நின்றுவிட்டு வந்தால்தான் அடுத்த வாரம் முழுக்க ஆபீசில் உட்கார முடியும்.

இந்த ரகசியம் தெரிந்த ஒரே ஆள், ஜீப் ஓட்டும் ஈஸ்வர்.

"படிக்காமப் போயி உக்காரு மாப்ளே, தானா ஃபெயிலாயிருவ," என்றான் ஈஸ்வர்.

"அதான் முடியாது. கண்ண மூடிக்கிட்டு கம்ப்யூட்டர்ல அமுக்குனாலும் பாதி சரியாப் போயிரும். பாதிக்கே பாஸ் போட்டுருவாங்க. தப்பா எழுதணும்னா முதல்ல சரியான விடை தெரிஞ்சிருக்கணும்ல?"

ஒன்றுக்கும் விடை தராமல் விட்டுவிட்டு வரவும் வழியில்லை. முனீஸ்வரன் கண்டுபிடித்துவிடுவார். ரேணுகாவிடம் உண்மையைச் சொல்லலாம்தான். ஆனால் அடுப்பு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து அத்தனை ஆசையாகச் சொல்லிக் கொடுக்கிறவளிடம் எந்த முகத்தோடு சொல்வது?

ஆகவே விஜயபாண்டி ஃபெயிலாவதற்காக உயிரைக் கொடுத்துப் படித்தான். குளிக்கும்போது படித்தான். ஜீப்பில் படித்தான். தோட்டத்தில் ஒரு பாறைமேல் உட்கார்ந்து, "தவறு, தவறு, சரி, தவறு" என்று ஒப்பித்துக்கொண்டிருந்தபோது, களை எடுத்துக்கொண்டிருந்த மாயக்காள் நிமிர்ந்து பார்த்தாள்.

"களையத்தான அப்பு புடுங்குறேன்? எதுக்குத் தவறு தவறுங்கிறீக?" என்று கோபித்துக்கொண்டு களைக்கொத்தைக் கீழே போட்டாள். அவளைச் சமாதானப்படுத்த ஈஸ்வர் டீ வாங்கிக் கொடுக்க வேண்டியிருந்தது.

தேர்வு மதுரையில் நடந்தது. கம்ப்யூட்டர் திரையில் வந்த கேள்விகளில் புதிதாக ஒன்றுமே இல்லை. ரேணுகா 'சரி' என்று சொல்லிக் கொடுத்ததற்கெல்லாம் 'தவறு' என்று அமுக்கினான்; 'தவறு' என்றதற்கெல்லாம் 'சரி'. மனம் மட்டும் அவளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தது. எல்லோருக்கும் முன்னால் முடித்துவிட்டு எழுந்தவனைக் கண்காணிப்பாளர் மரியாதையோடு பார்த்தார்.

முடிவு வந்த அன்று மாலை முனீஸ்வரன் ஒரு மாலையோடு வீட்டுக்கே வந்துவிட்டார். விஜயபாண்டி கழுத்தில் அதைப் போட்டார்.

"நூத்துக்கு நூறுய்யா. நம்ம கம்பெனியில இதுவரைக்கும் ஒருத்தனும் எடுத்ததில்ல. சென்னை ஆர்டரும் கூடவே வந்திருச்சு. வெரசாக் கெளம்பு."

மொக்கம்மாள் வாசலில் குலவை போட்டாள். விஜயபாண்டிக்கு எதுவும் புரியவில்லை. மேனேஜரை அனுப்பிவிட்டு, மாலையைக் கழற்றவும் மறந்து உள்ளே போனான். அடுப்படியில் ரேணுகா சேலைத் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அவள் சந்தோஷமாவது மிஞ்சியதே என்று மனதைத் தேற்றிக்கொண்டு அவள் தோளைத் தொட்டான்.

"எல்லாம் நீ சொல்லிக் குடுத்ததுதான்," என்றான்.

அவள் நிமிர்ந்தாள். கண் சிவந்து கிடந்தது.

"எனக்கு மட்டும் இந்த ஊர விட்டுப் போக ஆசையாங்க? நீங்க அப்படி உயிரக் குடுத்துப் படிச்சதப் பாத்துட்டு, வேணாம்னு சொல்ல வாய் வரல. அதான் ஒரு கேள்வி விடாம எல்லாத்துக்கும் விடைய மாத்தி மாத்திச் சொல்லிக் குடுத்தேன். அப்புறம் எப்படிங்க பாஸானீக?"