முதல் வெடி

எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்தச் சொன்னார் என் வீட்டுக்காரர்.

சமையலறை முழுக்கப் புகை. எதிரில் நிற்கும் ஃபிரிட்ஜ் பாதிதான் தெரிகிறது. இந்த நேரம் பார்த்து ஃபேனை நிறுத்த வேண்டுமாம்.

ஏனென்றால், சத்தம் கேட்க வேண்டுமாம்.

நிறுத்தினேன். மேல்வீட்டுக்காரி தன் ஜன்னலைப் படாரென்று சாத்தினாள். தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். இவர் கண்டுகொள்ளவில்லை.

பச்சைக் காப்பிக்கொட்டை வாங்கி வீட்டிலேயே வறுக்கிறேன் என்று இவர் கிளம்பி ஒரு மாதம் ஆகப்போகிறது. கடையில் வறுத்து, அரைத்து, பொட்டலமும் கட்டித் தருகிறார்கள். இவருக்கு அது ஆகாது. போனில் எவனோ வறுத்துக் காட்டியதைப் பார்த்த நாளிலிருந்து பிடித்த பைத்தியம்.

கொட்டை முதலில் மஞ்சளாகும். அப்புறம் பழுப்பாகும். அப்புறம் பட் பட்டென்று வெடிக்கும். அந்த முதல் வெடி கேட்டதும் இறக்கிவிட வேண்டும். நிறத்தை நம்பக் கூடாது, சத்தத்தைத்தான் நம்ப வேண்டும். எனக்கு நூறு தடவை பாடம் எடுத்தாயிற்று.

பாடமெல்லாம் நன்றாகத்தான் எடுக்கிறார். முதல் நாள் நான் மாடியில் துணி காயப்போட்டுவிட்டு வந்து பார்த்தால், வாணலியில் கரி. அடுத்த தடவை நான் குளித்துவிட்டு வந்தேன். மறுபடியும் கரி. அடுப்பு சரியில்லை, வாணலி சரியில்லை, கொட்டை விற்ற கடைக்காரன் சரியில்லை. இவர் மட்டும்தான் சரி.

ஒருநாள் பக்கத்தில் நின்று காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அன்றைக்கென்று பதமாக வந்து தொலைத்தது. பிடித்தது சனியன். அன்றிலிருந்து வறுக்கும்போதெல்லாம் நான் கூடவே நிற்க வேண்டும். அதுவும் ஜன்னலோரமாக, வெளிச்சத்தில். பாத்திரம் கழுவக் கூடாது, குழாயைத் திறக்கக் கூடாது. நான் நின்றால் ராசியாம்.

ராசியாவது, மண்ணாவது. போட்ட வேலை போட்டபடி கிடக்கிறது.

இந்த ராசிக்காரி வாயைத் திறந்தால் மட்டும் பதில் கிடையாது. ஒரு வருஷமாக நான் சுவரோடுதான் குடித்தனம் நடத்துகிறேன். போன் அடித்தால் எடுத்து என் கையில் கொடுத்துவிடுவார், அவ்வளவு சோம்பல். குழாய் ஒழுகுகிறது என்று பின்னாலிருந்து சொன்னால் “சரி, சரி.” அக்கா வழுக்கி விழுந்து கால் ஒடிந்து கிடக்கிறாள் என்றேன். அதற்கும் “சரி, சரி” என்று பேப்பரைப் புரட்டினார்.

இன்று காலையில் சொல்லிவிட்டேன். அவர் குனிந்து கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தார். அந்த முதுகைப் பார்த்துத்தான் சொன்னேன். சாயங்காலம் தங்கச்சி வீட்டுக்குக் கிளம்புகிறேன், நீங்களாக வந்து கூப்பிடாமல் இந்த வாசற்படி மிதிக்க மாட்டேன் என்று.

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு சொத்தைக் கொட்டையை எடுத்துத் தூரப் போட்டார்.

முப்பது வருஷம் கூட இருந்தவள் போகிறேன் என்கிறாள். ஏன், எங்கே என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், கட்டிய பெட்டியைப் பிரித்துவிடுவேன். அதுவரை என் முகத்தில் இவருக்கு ஒன்றும் தெரியக் கூடாது என்று கல்லாக நின்றேன்.

போகப்போகிறவள் இவர் கூப்பிட்டதும் ஏன் வந்து நின்றாய் என்று கேட்காதீர்கள். பழகிப்போன கால், தானாக வந்துவிட்டது.

பட்.

வழக்கமாக முதல் வெடிக்கே கண்ணை இறுக்கி மூடித் துள்ளிவிடுவேன். பலூன் உடைந்தாலே எனக்கு ஆகாது. அவரும் சிரித்துக்கொண்டே அடுப்பை அணைப்பார். இன்று வீம்பு. இமைகூட அசையவில்லை.

பட். பட், பட்.

அவர் பாட்டுக்குக் கிளறிக்கொண்டிருந்தார்.

இறக்குங்களேன் என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன். கரியட்டும்.

பட், பட், பட், பட். ஒரு கொட்டை தெறித்து மேடையில் விழுந்து உருண்டது. அவர் அதைக் கவனிக்கவில்லை. வாணலியையே கவனிக்கவில்லை.

என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பரீட்சையில் விடை தெரியாத பிள்ளை பக்கத்துத் தாளை எட்டிப் பார்க்குமே, அந்தப் பார்வை. திருட்டுத்தனமும் தவிப்புமாக.



இந்த மனுஷனுக்குக் காது கேட்கவில்லை. மூக்குக்குக் கீழே வெடிப்பதே கேட்கவில்லை. முதுகுக்குப் பின்னால் நான் சொன்னதில் எது கேட்டிருக்கும்?

பாவி மனுஷா, கட்டியவளிடம் சொன்னால் கிரீடமா இறங்கிவிடும்?

புகை கறுத்துக்கொண்டு வந்தது. அந்தக் கண்கள் என் முகத்தை விட்டு நகரவில்லை.

கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு துள்ளினேன். நாடகத்தில்கூட யாரும் அப்படித் துள்ள மாட்டார்கள்.

டக்கென்று அடுப்பை அணைத்தார்.

“கேட்டுச்சு, கேட்டுச்சு” என்றார், பெருமையாக.

கருகிய கொட்டையைத் தட்டில் கொட்டி ஊதத் தொடங்கியவரின் தோளைப் பிடித்து என் பக்கம் திருப்பினேன். முகத்துக்கு நேராக, வாயை நன்றாகத் திறந்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

“நான் போகலைங்க.”

என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தவர், ஒன்றும் புரியாமல் கேட்டார்.

“எங்க?”