கல்மேட்டில் கால்வலி

மனித இனம் பெற்றெடுத்த சைக்கிள் வீரர்களில் தன் கால்வலியைத் தானே சுமக்கும் கடைசி ஆள் தான்தான் என்று பரிதி அறிவித்தான். பெல்ஜியத்தில் வசந்தகாலப் பந்தயம். மழையில் வழுக்கும் கல்பாவிய சாலை. மேடு வந்ததும் மற்றவர்கள் காதுக்குப் பின்னாலிருக்கும் பொத்தானை அழுத்தி, வலியை ரத்த சொந்தத்துக்கு அனுப்பிவிடுவார்கள். பரிதிக்கும் பொத்தான் உண்டு, தொட்டதில்லை.

பக்கத்தில் மிதித்துவந்த தமீம் தலைக்கவச மைக்கில் ஊருக்குப் பேசினான். "உம்மா, உட்காந்துட்டீங்களா?"

"பெத்தவளைத் துடிக்க விட்டு ஜெயிக்கிறியே, வெட்கமா இல்லடா?" என்றான் பரிதி.

"நீங்க மிதிங்க மகாராஜா" என்று தமீம் பொத்தானை அழுத்தி, விசிலடித்துக்கொண்டே ஏறிப் போனான்.

பாதி மேட்டில் பரிதியின் தொடைகள் இறுகின. இன்று பின்தங்கினால் அடுத்த வருடம் அணியில் இடமில்லை. வலியே தெரியாத முகங்கள் ஒவ்வொன்றாக அவனைத் தாண்டின. அவன் குனிந்துகொண்டு, யாருக்கும் கேட்காமல் திருப்பூருக்குப் பேசினான்.

"அக்கா, நின்னுட்டிருந்தா உட்காந்துக்கோ."

"இருடா, அடுப்புல எண்ணெய் கொதிக்குது. இறக்கி வெச்சிட்டு உட்கார்றேன்."

இன்னொருவன் தாண்டிப் போனான். பரிதி பொத்தானை அழுத்தினான்.