மாமாவுக்குப் பிடித்தது தயிர்சாதம்

“தயிர்சாதம், தொட்டுக்க மாவடு” என்று மருமகளின் செல்போனைப் பார்த்துச் சொன்னார் கோவிந்தராஜுலு. சொல்லும்போது முகத்தில் பக்திக்களை கூட வந்தது.

முன் இருக்கையிலிருந்து திரும்பி உட்கார்ந்து படம் பிடித்துக்கொண்டிருந்தாள் மருமகள் ஷ்ரவ்யா. கோடைப் பயணத்தில் ஆளாளுக்குப் பிடித்த உடை, பொருள், சாப்பாடு என்று வீடியோ போடுவது அவள் வழக்கம். மகன் தேஜா கார் ஓட்ட, குடும்பமே வால்பாறைக்குப் போய்க்கொண்டிருந்தது. கிணத்துக்கடவு தாண்டுவதற்குள் மாமியார் ரங்கம்மாளின் கோரா காட்டன் சேலையும், மாமனாரின் பித்தளை வெற்றிலைப் பெட்டியும் படத்தில் ஏறியாகிவிட்டது.

ரங்கம்மாளுக்குப் பிடித்த சாப்பாடு, ஆழியாருக்குப் பக்கத்து ஆனைமலைக் கோயில் பிரசாதமாம். மகனுக்காக மாதம் தவறாமல் தனியாகப் பஸ் ஏறிப் போய் வந்தவள், வேறு என்ன சொல்வாள்? கோவிந்தராஜுலுவுக்குத்தான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கக் கூசியது.

அந்த வீட்டில் கவிச்சி நின்று வெகுகாலம் ஆகிறது. தேஜா பைக்கிலிருந்து விழுந்து, டாக்டர்களே உதட்டைப் பிதுக்கிய அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று புருஷனும் பெண்டாட்டியும் ஏழுமலையானுக்கு வேண்டிக்கொண்டார்கள். பிள்ளை எழுந்து வந்தால் இனி சாகும்வரை கறி, மீன் தொடுவதில்லை. பிள்ளை எழுந்து வந்தான்.

கோவிந்தராஜுலு மோட்டார் பம்ப் வியாபாரி. வாழ்க்கையில் பேரம் பேசாமல் ஒப்புக்கொண்டது அந்த ஒன்றைத்தான். அது நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருந்ததோ என்னவோ, இரண்டு வருஷம் பொறுத்துத் தனக்குத் தானே ஒரு தள்ளுபடி போட்டுக்கொண்டார். எஸ்டேட்டுகளுக்குப் பம்ப் மாட்டப் போகிற கோடையில் மட்டும், ஆழியார் ரம்லா மெஸ்ஸில், ஜிலேபி மீன் வறுவல். மலை அடிவாரத்தில் தின்பது கணக்கில் வராது என்பது அவர் கட்சி.

போன வருஷம் அந்தக் கட்சி கவிழ்ந்தது. ஆழியாரில் சாப்பிட்டு வந்த மறுவாரமே தேஜாவின் தொடையில் வைத்திருந்த தகடு சீழ் பிடித்து, மறுபடி ஆபரேஷன். “எங்கியோ நம்ம மேல குத்தம் இருக்குதுங்க” என்று ரங்கம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவருக்கு அது நேராக நெஞ்சில் இறங்கியது.

அன்றைக்கு விட்டவர்தான், பிறகு மீன் வாடைப் பக்கம் போகவில்லை. ஆனால் வாய் திறந்து சொல்லவும் துணிச்சல் வரவில்லை. ரங்கம்மாள் எதையும் பொறுப்பாள். பிள்ளையின் உயிரை வைத்துப் புருஷன் விளையாடியதைப் பொறுக்கமாட்டாள். தெரிந்தால் இத்தனை வருஷக் குடித்தனம் அத்தோடு முடிந்தது.

பொள்ளாச்சி தாண்டியதும் ஷ்ரவ்யா குண்டைப் போட்டாள். மதியச் சாப்பாடு ஆழியாரிலாம். அவள் வீடியோவைப் பார்க்கிற ஆட்கள் எல்லோரும் ஒரே பேரைத்தான் சொல்கிறார்களாம், ரம்லா மெஸ். அத்தைக்கும் மாமாவுக்கும் அங்கே சைவமும் கிடைக்குமாம்.

மெஸ்காரி ரம்லா, கோவிந்தராஜுலுவின் தலையைக் கண்டதும் இலை போடும் முன்பே வறுவலைச் சட்டியில் போடுகிறவள். பொள்ளாச்சிக்கே திரும்பி நல்ல சைவ ஹோட்டலாகப் பார்க்கலாம் என்றார். இந்த வெயிலுக்கு மீன் ஆகாது என்றார். வயிறு காலியாக இருந்தால்தான் கொண்டை ஊசி வளைவில் குமட்டாது என்றார். ஒன்றும் விலை போகவில்லை.

“எனக்கும் பசியே இல்ல கண்ணு. நேரா மேலயே போயிரலாம்” என்றாள் ரங்கம்மாள்.

மருமகள் பேச்சைத் தட்டாதவள் தனக்காகப் பரிந்து பேசுகிறாளே என்று அவருக்குக் கண் கலங்கியது. இப்படிப்பட்டவளை ஏமாற்றிவிட்டோமே என்று இன்னும் கலங்கியது. கார் என்னவோ ஆழியாரில்தான் நின்றது.

சுண்டுவிரலைக் காட்டிவிட்டு, கோவிந்தராஜுலு முதல் ஆளாக இறங்கி உள்ளே பாய்ந்தார். கல்லாவில் இருந்த ரம்லா வாயெல்லாம் பல்லாக எழுந்தாள்.

“ரம்லாம்மா, கையெடுத்துக் கும்புடறனுங்க. இன்னிக்கு என்னையத் தெரிஞ்ச மாதிரியே காட்டிக்காதீங்க.”

காரணம் சொல்ல அவருக்கு நேரமில்லை. ரம்லா கேட்கவும் இல்லை. எத்தனையோ விரதக்காரர்களுக்குச் சோறு போட்ட கை.

“நீங்க யாருன்னே எனக்குத் தெரியாதுங்களே” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

கோவிந்தராஜுலுவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கை கழுவும் தொட்டிப் பக்கம் ஒதுங்கி, ஊருக்குப் புதியவர் போலச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். இந்த ஒரு வேளை மட்டும் தாண்டட்டும், திருப்பதிக்கு நடந்தே ஏறி மொட்டை போட்டுவிடுகிறேன் என்று மனசுக்குள் புதுசாக ஒரு பேரம் ஓடியது.

வாசலில் நிழல் தட்டியது. செல்போனை நீட்டிப் படம் பிடித்தபடி ஷ்ரவ்யா வந்தாள். அவள் முதுகை ஒட்டினாற்போல் ரங்கம்மாள். வெயிலுக்கோ என்னவோ, முந்தானையை மூக்கு வரைக்கும் இழுத்து விட்டிருந்தாள்.

ஷ்ரவ்யாவைத் தாண்டி அந்த முக்காட்டைப் பார்த்ததும் ரம்லாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

“என்னங்க அம்மணி, மீன் தலை சாப்புட வந்து வருசம் ஒண்ணாச்சுங்களே?”