தேய்ந்த மூன்று கியர்கள்

ராஜபாளையத்துப் பட்டறையின் கூரை ஓட்டை வழியே விழும் வெயிலில், தேய்ந்த மூன்று கியர்களை வரிசையாக வைக்கிறார் ஜபருல்லா. மூன்றிலும் பற்கள் கத்திமுனை போலக் கூர்ந்து மினுங்குகின்றன. பக்கத்தில், மரக்கட்டைகள்மேல் படகின் பழைய பெட்ரோல் எஞ்சின். அதைத் தூத்துக்குடியிலிருந்து ஏற்றிவந்த படகுக்காரர் ஏசுவடியான், எஞ்சினுக்கு மின்பொறி பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுழற்றும் நாலாவது கியரை நீட்டுகிறார். “டிஸ்ட்ரிபியூட்டர் கியர் புதுசு பாய். மூணு தடவ மாத்தியும் எஞ்சின் நடுக்கடல்ல நின்னுபோச்சு. நீங்களாவது இத நல்லா மாட்டுங்க.” ஜபருல்லா அதை வாங்கவில்லை. நூற்பாலையில் இருபது வருஷம் ஃபிட்டராக இருந்தவர். ஒரே கியர் திரும்பத் திரும்பத் தேய்ந்தால், அது எதைச் சுழற்றுகிறது என்றுதான் பார்ப்பார். “குத்தம் கியர்ல இல்ல அண்ணாச்சி. இது ஆயில் பம்பையும் சேத்துல்லா சுத்துது.” பம்பைக் கழற்றித் தண்டைத் திருகுகிறார். கால் சுற்றுப் போய் இறுகி நிற்கிறது. தெருக்கோடி மில்லில் சங்கு ஊதுகிறது. பம்பின் மூடியைத் திறந்து, குறட்டால் எதையோ பிடித்து இழுக்கிறார். எண்ணெய் வடிகட்டும் சல்லடையின் கிழிசல் வழியே உள்ளே போன நூல், எண்ணெய் சொட்டச் சொட்ட முழக்கணக்கில் வருகிறது. “எஞ்சினுக்குள்ள எத வச்சுத் தொடப்பிய?” ஏசுவடியானின் கை தோளில் கிடக்கும் துணிக்குப் போகிறது. “உங்க ஊர்ல நெய்யுற பேண்டேஜ் துணிதான் பாய்.” ஒவ்வொரு கியர் மாட்டும்போதும், தூசி இருக்கக்கூடாதென்று ஏசுவடியானே உள்ளே கை விட்டுத் துடைத்தது அதில்தான். ஜபருல்லா பம்பைக் கழுவிச் சுற்றிக் காட்டுகிறார். ஒற்றை விரலுக்கே சுழல்கிறது. இப்போதுதான் கியருக்குக் கை நீட்டுகிறார். துடைத்துக் கொடுக்கத் துணியை எடுத்த ஏசுவடியான், சட்டென்று அதை விட்டுவிட்டு, வாயால் ஊதிக் கொடுக்கிறார்.