ஒரு மாதக் குளியல்

பழவேற்காட்டில் தாய்வீட்டுக்குப் போய் ஒரு மாதம் கழித்துத் திரும்பிய சமீனா, கும்மிடிப்பூண்டி வீட்டுக்குள் நுழைந்ததுமே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னாங்க இது, பாத்ரூம் இப்படி நாறுது?"

அவள் கணவன் இஜாஸ் மேலே கை காட்டினான். "மாடியில காத்து போற பைப்ல குருவி கூடு கட்டி அடைச்சிருக்கும்."

"நான் இல்லாதப்ப இங்கதான இருந்தீங்க?"

"பின்ன? நானே சமைச்சி, தினம் ரெண்டு வேளை குளிச்சிக்கினு..."

மனைவியை ஏசிய அம்மாவின் ஊத்துக்கோட்டை வீட்டு வாசலை இனி மிதிப்பதில்லை என்று, தனிக்குடித்தனம் வந்த அன்றே சமீனாவிடம் சத்தியம் செய்தவன் அவன். அவள் பஸ் ஏறிய அன்று மாலையே அம்மாவின் மீன்குழம்பு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டான்; மாதம் முழுக்க அங்கேதான் இருந்தான்.

சமீனா குளியலறைத் தரையில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றினாள். சற்று நேரத்தில் நாற்றம் அடங்கியது.

"தண்ணி போற ஓட்டைக்கு அடியில வளைஞ்ச பைப்ல எப்பவும் தண்ணி நிக்கணும். அதுதான் சாக்கடைக் காத்த மேல வுடாது. யாரும் தண்ணி ஊத்தாம அது காஞ்சி கெடக்குது. ரெண்டு வேளை குளிச்சவரு எங்க குளிச்சாரு?"

மானமா சத்தியமா என்று ஒரு நொடி யோசித்தான் இஜாஸ்.

"உன்கிட்ட மறைக்க இன்னா இருக்குது? ஒரு மாசமா நான் குளிக்கவேயில்ல."

"இப்பவாவது குளிங்க" என்று அவனை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள் சமீனா.

முதல் சொம்புத் தண்ணீரை மொண்டபோது, வெளியே அவள் செல்போனில் பேசுவது அவன் காதில் விழுந்தது.

"மாமி, உங்க ஊட்ல தங்கினத ஒத்துக்கவே மாட்டேங்கறாரு. ஒரு மாசமா குளிக்கலையாம். நாம ரெண்டு பேரும் ராசியாயி ஒரு வருஷம் ஆவுதுன்னு இப்ப சொல்லிடாதீங்க. பாவம், இன்னும் எனக்காக உங்க மேல கோவமா இருக்காராம்."