நிறுத்துவதற்கான காரணங்கள்

உடல் பருமன் மருத்துவமனையில் மருந்துச் சீட்டுகளைத் தணிக்கை செய்வது மங்கையர்க்கரசியின் வேலை. எழுதிய மருந்து நியாயம்தானா என்று இயந்திரம் மதிப்பெண் போடும். அவள் கைரேகை பதிக்க வேண்டும். அன்றைக்கு நூற்றுப் பன்னிரண்டாவது ஆளாக வந்து உட்கார்ந்தார் கல்யாண சமையல்காரர் தணிகாசலம். பசியடக்கும் ஊசியால் இருபத்தாறு கிலோ குறைந்திருந்தார்.

"ஊசிய நிறுத்திடுங்கம்மா. நானா விட்டா காப்பீடு போயிடுமாம்."

"நல்லாத்தானே எளைச்சிருக்கீங்க?"

"எளைச்சு என்ன பண்ண? பசிச்சாத்தான் எனக்குச் சமைக்க வரும். போன முகூர்த்தத்துல சாம்பார வாயில வச்சுப் பாத்தேன், ஒண்ணுமே தோணல. பாதிப் பேரு எலைய அப்படியே மூடிட்டு எந்திரிச்சிட்டாங்க."

டாக்டரிடமும் இதைத்தான் சொல்லியிருக்கிறார். காரணமில்லாமல் நிறுத்தினால் டாக்டருக்கு மதிப்பெண் குறையும் என்பதால், அவர் இங்கே தள்ளிவிட்டிருந்தார். மங்கையர்க்கரசி திரையில் பட்டியலைத் திறந்தாள். நிறுத்துவதற்கான காரணங்களில் வாந்தி இருந்தது, வயிற்றுவலி இருந்தது, கர்ப்பம் இருந்தது. சாம்பார் இல்லை.

அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டாள். "யாராவது கேட்டா வாந்தி வருதுன்னு சொல்லுங்க," என்று சொல்லி, பட்டியலில் வாந்தியைத் தொட்டாள். பன்னிரண்டு வருட வேலையில் அவள் பதிவு செய்த முதல் பொய் அது.

இயந்திரம் சற்று யோசித்தது. ஊசி தொடரட்டும், கூடவே வாந்திக்கு ஒரு மாத்திரை, இரண்டு வேளை. நியாயம், நூற்றுக்கு நூறு.

நூறு வாங்கிய சீட்டைத் திருத்த அவளுக்கு அதிகாரமில்லை. கைரேகை பதித்து நீட்டினாள்.

தணிகாசலம் சீட்டை வாங்கிப் பார்த்தார்.

"இந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடியாம்மா, பின்னாடியா?"