தையல் மெஷின் தோற்குமா?

"போச்சுலே ஆதர்ஷ், மொத்தமும் போச்சு!" போனில் வாக்கு எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டே சொன்னான் ஜீஷான். "தையல் மெஷின் சின்னம் இன்னும் லீடிங்லதான் இருக்கு."

"அரே, அது தோத்துடும்னு நீயேதானே அவ்ளோ கான்ஃபிடென்ட்டா பெட் கட்டினே?" என்றான் ஆதர்ஷ்.

"அது சுயேச்சைலே! நம்ம ஆண்டாப் ஹில் ஏரியாவுல நாலு சந்து தாண்டினா யாருக்கும் தெரியாது. பெட்டிங் ஆப்லயும் எல்லாரும் தோக்கும்னுதான் கட்டியிருந்தாங்க. நிச்சயம் ஜெயிக்கிற பெட்டுன்னு கோச்சிங் ஃபீஸ அப்படியே அதுல வெச்சுட்டேன்."

"வீட்ல தெரிஞ்சா?"

"தோல உரிச்சிருவாங்க."

"டென்ஷன் ஆகாதே. கடைசி ரவுண்டு இருக்கு, கட்சிக்காரன் முந்திடுவான்."

முந்தவில்லை. தையல் மெஷின் ஜெயித்தது. தெருவில் மேளம் முழங்க, வீட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு கூட்டம் நுழைந்தது. நடுவில், கழுத்து நிறைய மாலையோடு புது எம்.எல்.ஏ. ஆபிதா. ஜீஷானின் உம்மா.

ஓடி வந்து மகனைக் கட்டிக்கொண்டாள்.

"நான் நிக்கேன்னதும் ஊரே சிரிச்சுச்சுலே. நீ ஒருத்தனாவது உம்மா ஜெயிச்சிருவான்னு நம்புனேல்ல?"